ஓர் ஆவுடை நீளம்

ஆவுடையப்பனின் இரண்டு கைகளும் மூன்றே முக்கால் அடி இடைவெளியில் அப்படியே நின்றுபோனது ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, தென்மடைப் பெருங்குளத்தின் மூன்றாம் மடையில், கொம்பையா தூக்குவாளியிலிருந்து இரண்டாவது சுற்றுத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது. மணி ஏழேகால். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஞானராஜ் மாஸ்டர். முப்பத்தோரு வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலையும் ஸ்டாப்வாட்சையும் கழற்றாத அந்த மனிதர், கொம்பையாவால் எத்தனை நிமிஷம் பேசாமல் இருக்க முடியும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அளந்துவந்தார், அன்றைக்கு அது ஒரு நிமிஷம் நாற்பது விநாடியைத் தாண்டிச் சாதனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அப்போதுதான் ஆவுடையப்பன் மடையின் மறுபக்கத்திலிருந்து தூண்டில் இல்லாமல், முழங்கால்வரை நனைந்து நடந்துவந்து, எங்கள் முன்னால் நின்று, "ஒரு விரால் பாத்தேன்" என்று சொல்லிக் கைகளை விரித்துக் காட்டினார்.

"பாதி," என்றார் கொம்பையா, சாதனையைக் கோட்டைவிட்டு.

"பாதி," என்றார் மைதீன் பிச்சை, தூண்டில் மிதப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பாதி," என்றேன் நானும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, அதற்குப் பாதிக் கழிவு என்று பெயர். நழுவிப்போன மீனின் நீளத்தை யார் கை விரித்துக் காட்டினாலும் கேட்பவர்கள் உடனே பாதி என்று சொல்லிக் கழித்துக்கொள்வார்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கழிப்பார்கள் என்று தெரிந்திருப்பதால் காட்டுகிறவர் இரண்டு பங்காகக் காட்டுவார், இரண்டு பங்காகக் காட்டுவார் என்று தெரிந்திருப்பதால் கேட்பவர் பாதியாகக் கழிப்பார், ஆக மூன்றாம் மடையில் சொல்லப்பட்ட ஒவ்வொரு மீனும் கடைசியில் தன் சரியான நீளத்துக்கே வந்து சேரும். நான் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த கனடாவில் பிடித்த மீனை நாடாவால் அளந்து, படம் எடுத்து, தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றும் மிச்சமிருக்காது, ஐந்து பேர் ஒரே பாறையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போவார்கள். தென்மடையில் மீன் கிடைக்காத நாளில்தான் பேச்சு அதிகம், பெரும்பாலும் மீன் கிடைப்பதில்லை.

மூன்றாம் மடையில் நாங்களும் ஐந்து பேர்தான். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் கொம்பையா, அவர் கடைக்கு எதிரில் தையற்கடை வைத்து, அளவு நாடாவை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கி எழுந்திரிக்கும் மைதீன் பிச்சை, ஞானராஜ் மாஸ்டர், பெயர் மறந்து கனடா என்றே ஆகிவிட்ட நான், அப்புறம் தபால்காரர் ஆவுடையப்பன். என்னிடம் இருப்பது பளபளப்பான, சக்கரம் வைத்த, கருப்புத் தூண்டில், அதில் இன்றுவரை ஒரு கெண்டைக்குஞ்சும் கடித்ததில்லை, "உம்ம தூண்டிலுக்குத் தமிழ் தெரியாதுவே, மீனு என்ன செய்யும் பாவம்" என்பார் கொம்பையா. ஆவுடையப்பனுக்குத் தவளையைக் கொக்கியில் குத்த மனசு வராது, கொம்பையா கடை உளுந்தவடையைப் பிய்த்துத்தான் இரையாகப் போடுவார். "அந்த வடையைப் போட்டா கொக்கி தானா முங்கும், ஈயக்குண்டே வேண்டாம்" என்று மைதீன் பாய் சொல்ல, "நீரு தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னா மீனு சிரிச்சுக்கிட்டே கரையேறும், தூண்டிலே வேண்டாம்" என்று கொம்பையா சொல்ல, ஆவுடையப்பன் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார். எங்களோடு சேர்ந்த பதினோரு வருஷத்தில் அவர் கை விரித்து ஒரு மீனைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"கையைக் கீழ போடும்வே, டீ ஆறுது," என்றார் கொம்பையா.

"வர மாட்டேங்குது."

"எது?"

"கை."

மைதீன் பாய் நாடாவை எடுத்து உள்ளங்கைக்கும் உள்ளங்கைக்கும் வைத்துப் பார்த்தார். "மூணே முக்கா. ஒரு நூல் கூட இல்ல, கொறைய இல்ல," என்றார், ஏதோ நல்ல துணி கிடைத்த மாதிரி. ஞானராஜ் மாஸ்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று விசிலுக்கு ஒரு தள்ளாகத் தள்ளினோம், கைகள் அசையவில்லை, நாங்கள்தான் வழுக்கினோம். கொம்பையா தன் ஈரத் துண்டை எடுத்து ஆவுடையப்பனின் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் காயப் போட்டுவிட்டு, டீயை ஆற்றி அவர் வாயில் ஊற்றினார். தூண்டில்களைச் சுருட்டினோம். மாஸ்டரின் டி.வி.எஸ்.ஸில் ஆவுடையப்பன் பின்னால் உட்கார, முன்னால் மாஸ்டரின் இரண்டு தோள்களுக்கும் வெளியே இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்க, எதிரே வந்த மணல் லாரி ஓரம் கட்டி நின்று வழி விட்டது.

அவர் மனைவி பிரமு வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "சாஞ்சு உள்ள வாங்க, நிலை இடிக்கும்," என்றாள். தோசையைப் பிய்த்து அவர் வாயில் வைத்துக்கொண்டே, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறக்க வேண்டாம் என்பது போல, "இருபத்தேழாந் தேதி கல்யாணம். அதுக்குள்ள கையைச் சேத்துருங்க," என்றாள்.

அதுதான் விஷயம். ஆவணி இருபத்தேழில் அவர்கள் ஒரே மகள் உலகம்மைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஆலங்குளத்துப் பையன், பையனின் அப்பா சிவசூரியன் பத்திர ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர், எல்லைக் கல் ஒரு சாண் தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு மற்றக் கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார் என்பதற்காக வேனிலிருந்து இறங்காமலே உட்கார்ந்துவிட்டார், முகூர்த்தம் தப்பி, அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் தாலி ஏறியது, அந்த வீட்டில் இன்றுவரை சம்பந்திகளுக்குள் பேச்சு இல்லை. கும்பிடுவதற்கு இரண்டு கை வேண்டும், அவை ஒன்றையொன்று தொட வேண்டும். பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்க்கவும் அப்படியே.

மற்றபடி ஊர் அந்தக் கைகளுக்கு மூன்று நாளில் பழகிக்கொண்டது. மைதீன் பாய் இரண்டு பக்கமும் பொத்தான் வைத்துத் திறக்கிற காக்கிச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார், தபால் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆவுடையப்பன் தெருத்தெருவாகப் போனார், ஜனங்கள் தங்கள் தபாலைத் தாங்களே பொறுக்கி எடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலென்றால் அவர் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுத் தபாலை எடுத்துப் போய்ப் பிறகு மாற்றிக்கொண்டார்கள், அதனால் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்கள் பேச ஆரம்பித்தன. சந்தி விலக்கில் பூ விற்கும் இசக்கியம்மாள்தான் முதலில் அவரை நிறுத்தி, தொடுத்த பிச்சிச் சரத்தை அவர் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓட்டிப் பார்த்து, ஆளுக்கு ஆள் மாறுகிற முழத்தைவிட இது நியாயமான அளவு என்று அறிவித்தாள். அன்றிலிருந்து தென்மடையில் பூ ஆவுடைக் கணக்கில் விற்றது. கொடிக்கயிறு வாங்குகிறவர்கள் ஆறு ஆவுடை கேட்டார்கள், கட்டில் செய்கிற ஆசாரி நீளத்துக்கு ஒன்றே முக்கால் ஆவுடை என்று குறித்துக்கொண்டார், அம்மன் கோயிலில் திரிநூல் சுற்றுவதற்கு வெள்ளிக்கிழமைதோறும் அவரை உட்கார வைத்து இரண்டு பெண்கள் அவர் கைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், அவர் தன் பங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னவே, அம்மனே உம்ம சுத்தி வாரா," என்றார் கொம்பையா.

"பரவாயில்ல," என்றார் ஆவுடையப்பன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு சரியாக இருக்கிறது, ஆள்தான் விரித்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். வர்மம் பார்க்கிறவர் மூன்று நாள் எண்ணெய் ஊற்றினார், கைகள் பளபளப்பாயின, இசக்கியம்மாள் பூவில் எண்ணெய் ஒட்டுகிறது என்று குறைப்பட்டாள். மருந்து பலிக்காத இடத்தில் ஊர் தன் முடிவைச் சொன்னது: இது பொய் சொன்ன கை, பொய்யை இறக்கினால் கையும் இறங்கும். தென்மடைக் குளத்தில் மூன்றே முக்கால் அடி விரால் ஏது.

எங்களுக்கு அது சுருக்கென்று பட்டது. பதினோரு வருஷம் நாங்கள் நாலு பேரும் சொன்ன பொய்க்கு, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்த மனிதன் மாட்டிக்கொண்டானே என்று இருந்தது. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் கொண்டுபோகாமல் மடையில் கூடினோம், ஆவுடையப்பனை நடுவில் உட்காரவைத்தோம், முதலில் நாங்கள் இறக்கிவைப்பது என்று தீர்மானம்.

"போன வருஷம் எட்டுக் கிலோ கட்லா பிடிச்சேன்னேன்லா," என்றார் கொம்பையா. "அதுல ஆறு கிலோ பாசி."

ஞானராஜ் மாஸ்டர் விசிலைக் கழற்றி மடியில் வைத்தார். ஸ்டாப்வாட்ச் சாட்சியாக நாற்பத்தைந்து நிமிஷம் போராடி நழுவவிட்ட விலாங்கு ஒரு பழைய சைக்கிள் டியூப் என்றும், அதுவும் நழுவவில்லை, வீட்டில் ஸ்டாண்டு கட்டப் பயன்படுகிறது என்றும் சொன்னார். மைதீன் பாய், தன் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தில் இருக்கிற மீன் பாவூர்ச் சந்தை மீன் என்றார்; "எனக்குத் தெரியும், செதிளு எடுத்துல்லா இருக்கு படத்துல," என்றார் கொம்பையா. கடைசியில் நான். கனடாவில் நான் ஒரு நாளும் மீன் பிடித்ததில்லை, நான் சொன்ன கதைகள் எல்லாம் பாறையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தவை, தூண்டில் வரும் வழியில் வாங்கியது.

மைதீன் பாய் என் தோளைத் தட்டினார். "அந்த விலைச் சீட்டை இன்னும் பிய்க்காம இருக்கீரே, கனடா. எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

இவ்வளவுக்கும் ஆவுடையப்பனின் கைகள் நகக்கண் அளவும் அசையவில்லை. "இப்ப நீரு எறக்கும்," என்று கொம்பையா கெஞ்சினார். "எங்களுக்காக. ரெண்டடின்னு சொல்லும்."

ஆவுடையப்பன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யார் மனசையும் நோகடிக்கத் தெரியாத ஆள். "சரி. ரெண்டடி," என்றார்.

மைதீன் பாயின் நாடா ஒரு விரற்கடை நகர்ந்தது, வெளிப்பக்கமாக.

"ஒண்ணரைன்னு சொல்லிப் பாரும்."

"ஒண்ணரை."

இன்னும் இரண்டு விரற்கடை. அயிரை மீனளவு என்று சொல்லவைத்தோம், நாடா நாலடியைத் தொட்டது. மறுநாள் காலையில் சந்தி விலக்கில் பெரிய கலாட்டா. ராத்திரியோடு ராத்திரியாக ஆவுடை நீண்டுவிட்டது, பழைய ஆவுடைக்குப் பூ வாங்கியவர்கள் மிச்சப் பூவைக் கேட்டு வந்து நின்றார்கள், ஆசாரியின் கட்டில் கதவுக்குள் நுழையவில்லை. இனி அந்த மனிதரை எதுவும் சொல்லவைக்கக் கூடாது என்று இசக்கியம்மாள் எங்களை எச்சரித்தாள். சிவசூரியனுக்கு, கையில் சின்னச் சுளுக்கு, முகூர்த்தத்துக்குள் சரியாகிவிடும் என்று சொல்லியனுப்பியிருந்தோம். கைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிக்கொண்டே போக, இருபத்தேழாம் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துப் பின்கட்டில் பிரமு தேங்காய்ப் பைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மருதாணிக் கையோடு உலகம்மை அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவளும் கைகளை எதிலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் இருவரும் ஒரே பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிற மாதிரி இருந்தார்கள்.

"எப்பா. நான் போறது உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

ஆவுடையப்பன் சற்று யோசித்தார். "கொஞ்சம்," என்றார்.

அவர் கைகள் ஒரு சாண் விரிந்து வலது கை தூணில் இடித்தது. உலகம்மை கவனிக்கவில்லை, மருதாணியை ஊதிக்கொண்டிருந்தாள். பிரமு கவனித்தாள். கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, எண்ணிக்கை விட்டுப்போனதையும் பொருட்படுத்தாமல், இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் அந்த மனிதரை, இப்போதுதான் தபால் கொடுக்க வந்து நிற்கிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வருகிறது என்று செய்தி வந்தபோது நாங்கள் நாலு பேரும் மண்டப வாசலில் வாழைமரத்துக்கடியில் ஆவுடையப்பனைச் சுற்றி நின்று, கும்பிடுகிற மாதிரித் தோன்றவைக்க என்ன வழி என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். கைகள் இப்போது நாலே முக்கால். இரண்டு பக்கமும் பெரிய மாலையைத் தொங்கவிட்டு வரவேற்பது போல நிறுத்தலாம் என்றார் மைதீன் பாய். ஆளையே கோலத்துக்குப் பின்னால் படமாக மாட்டிவிடலாம் என்றார் கொம்பையா, அவர் குரலில் அன்றைக்குக் கேலியே இல்லை. அப்போது பிரமு பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க சட்டத்தை இவுகளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"எந்தச் சட்டம், மதினி?" என்றேன்.

"பாதிச் சட்டம்."

"கேக்கிறவன் கழிக்கணும். சேர்ந்த அன்னைக்கே சொன்னோமே," என்றார் மாஸ்டர்.

"இவுக சொல்லுறவன் கழிக்கணும்னு எடுத்துக்கிட்டாக," என்றாள் பிரமு. "புதுசா இல்ல, இவுக எப்பவுமே அப்படித்தான். என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, பொண்ணு எப்படின்னு கேட்டதுக்குப் பரவாயில்லைன்னு சொன்ன மனுசன். கல்லடைப்பு வந்து தரையில உருண்டப்ப லேசா வலிக்குன்னாக. நேத்து எம் மககிட்ட..." அவள் நிறுத்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள், விரிந்த கைகளுக்கு நடுவில், சரியாக. "முழுசாச் சொல்லுங்க. அந்த மீனு எவ்வளவு இருந்துச்சு?"

வேன் வந்து நின்றது. கதவு திறந்து சிவசூரியன் இறங்கி, வேட்டியை உதறி, வாசலில் கை விரித்து நிற்கும் சம்பந்தியைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஊதுவதை நிறுத்தினார்.

"பாதியாக்கினேன்," என்றார் ஆவுடையப்பன், மெல்ல. "பாதியும் நம்ப மாட்டாகன்னு அதுல பாதி. அதுவும் கூடுதலாத் தோணிச்சு, அதுலயும் பாதி."

மைதீன் பாயின் உதடு அசைந்தது. அந்த மனிதருக்குத் துணிக்கணக்கு விரலிலேயே இருக்கிறது. "முப்பதடி," என்றார்.

"ஆமா. எங் கை காணாது."

பிரமு விலகி நின்றாள். ஆவுடையப்பனின் கைகள் விரிந்தன, மூன்று வாரமாக விரிய அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவை போல, தோள்களுக்கு நேராக வந்து நின்றன. மாஸ்டர் விசிலை வாயில் வைத்து ஊதினார், என்ன ஏதென்று கேட்காமல் நாங்கள் அந்த விசிலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடினோம். ஆவுடையப்பனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு மைதீன் பாய், அவர் கையைப் பிடித்துக் கொம்பையா, கொம்பையாவின் எண்ணெய்க் கையைப் பிடித்து நான், என்னைப் பிடித்து மாஸ்டர், வாழைமரத்திலிருந்து வேனை நோக்கி ஒரே வரிசை.

"இது தலை," என்றார் ஆவுடையப்பன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்து. "தலை என்னைத் தாண்டும்போது பீடி பத்தவச்சேன். பாய் நிக்கிற இடம் வரைக்கும் செவுளும் மேல்துடுப்பும், கறுப்புன்னா சாதாரணக் கறுப்பில்ல, மழைக்கு முந்தின கறுப்பு."

"நான் என்ன, வயிறா?" என்றார் கொம்பையா.

"நீரு என்னைக்கு வயிறா இல்லாம இருந்தீரு," என்றார் மைதீன் பாய்.

"கனடா, நீரு பேசாம போற நடுப்பகுதி. அங்கதான் எனக்கு மூச்சு நின்னுபோச்சு, இன்னும் முடியலையேன்னு. மாஸ்டர் கிட்ட வரும்போது பீடி விரலைச் சுட்டுருச்சு. அப்பவும் வால் வரல."

மாஸ்டரின் இடது கை காலியாக நீண்டிருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் சிவசூரியன் நின்றிருந்தார். வரிசைக்கு வராமல் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை ஒன்று மாஸ்டரிடம் உண்டு, முப்பத்தோரு வருஷத்துப் பார்வை. அந்தப் பார்வையை அவர்மேல் வைத்து, ஒரு சிறிய விசில் ஊதினார். சிவசூரியன் தன் மகனை, அதாவது மாப்பிள்ளையை, ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பிறகு மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையை விரித்தார்.

"சம்பந்தி, அவ்வளவு வேண்டாம்," என்றார் ஆவுடையப்பன் வரிசையின் மறுகோடியிலிருந்து. "உங்க நெஞ்சோட வால் முடியுது."

டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஆவுடையப்பனின் கைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. விரலோடு விரல் பொருந்தி, மார்புக்கு நேராக, மூன்று வாரத்து எண்ணெய் மினுங்க. "வாங்க," என்றார். "எல்லாரும் வாங்க."

சிவசூரியன் கையை இறக்கவில்லை. தன் நெஞ்சிலிருந்து தொடங்கி மாஸ்டர், நான், கொம்பையா, பாய் என்று பத்திர எல்லை பார்க்கிற கண்ணால் மெல்லப் பார்த்துக்கொண்டே போய் ஆவுடையப்பனிடம் முடித்தார். யாரும் பாதி என்று சொல்லவில்லை.

"என்ன இரை?" என்றார் சிவசூரியன்.

"வடை."

"உளுந்தா, பருப்பா?"

"உளுந்து."

"நம்ம கடை வடை," என்றார் கொம்பையா, கண் கலங்கி.

"நான் மானூர்க் குளத்துல இருபது வருஷமா பருப்பு வடை போடுதேன்," என்றார் சிவசூரியன். "அதான் ஒண்ணும் கடிக்கல." சற்று யோசித்துவிட்டு, "அத்துக்கிட்டுப் போச்சா?"

"இல்ல. நான்தான் நூலை விட்டுக் கொடுத்தேன்."

"எவ்வளவு?"

"இருந்த அவ்வளவும்."

சிவசூரியன் தலையாட்டினார். பிறகுதான் இரண்டு கைகளையும் கூப்பி, பதில் வணக்கம் சொன்னார், நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து ஊதினார். முகூர்த்தம் தப்பவில்லை. தாரை வார்க்கும்போது ஆவுடையப்பனின் கைகளுக்கு நடுவே உலகம்மையின் கை இருந்தது, தண்ணீர் ஒழுகி முடிந்த பிறகும் சற்று நேரம் இருந்தது. பந்தியில் சிவசூரியன் எங்களோடு உட்கார்ந்தார். ரசம் வரும் சமயத்தில், "மானூர்ல ஒருக்க ஒரு கெளுத்தி..." என்று ஆரம்பித்துக் கைகளை விரித்தார், ஐந்து இலையிலும் சாப்பாடு நின்றது. அவர் தன் கைகளைப் பார்த்தார். அரை அடி உள்ளே இழுத்தார். இன்னும் நாலு விரற்கடை இழுத்தார். "இவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு, கைகள் விழுவதை உறுதிசெய்துகொண்டு ரசத்தைக் குடித்தார்.

மூன்று மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டார்கள். பூ சுற்றிய காரில், சரியாக ஒன்பது ஆவுடைப் பூ, பழைய ஆவுடை, உலகம்மை ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"எப்பா. நேத்துக் கேட்டேனே. இப்பச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கைகளை விரித்தார்.

மாஸ்டர் விசிலை எடுக்கவில்லை. மைதீன் பாய் தானாகப் போய் அவர் கையைப் பிடித்தார், அவர் கையைக் கொம்பையா, கொம்பையாவை நான், என்னை மாஸ்டர், அவரைச் சிவசூரியன், வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் வெற்றிலையோடு வந்தார்கள், தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார், இசக்கியம்மாள் பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள், ஆசாரி வந்தார், பேசாமலிருந்து பேச ஆரம்பித்த இரண்டு குடும்பமும் வந்தது, சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தவரின் கரண்டியையே ஒருவர் பிடித்துக்கொண்டார், வரிசை மண்டபத்தைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, அம்மன் கோயில் முடுக்கில் வளைந்து, குளத்தங்கரையேறி மூன்றாம் மடையை நோக்கிப் போனது. நான் இருந்த இடத்திலிருந்து அதன் கோடி தெரியவில்லை. யாரோ அந்தக் கோடியிலிருந்து கேட்டனுப்பிய கேள்வி ஆள் ஆளாகக் கடந்து வந்தது, சிவசூரியன் மாஸ்டரிடம் சொல்ல, மாஸ்டர் என்னிடம் சொல்ல, நான் கொம்பையாவிடம் சொல்ல, பாய் ஆவுடையப்பன் காதில் சொன்னார்:

"போதுமான்னு கேக்காங்க."

ஆவுடையப்பன் தன் மகளைப் பார்த்துக்கொண்டே, "இன்னும்," என்றார்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.